பின்னால் ஒரு நாற்காலி

குன்னூரில் பாதிப் பேரைத் தேவிக்குக் குரலாகத்தான் தெரியும். முகமாகத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட்டுக்கு ஏறும் வழியில், ஒரு செருப்புக் கடைக்கும் வர்க்கி பிஸ்கட் கடைக்கும் நடுவே இருக்கிறது அவள் வேலை பார்க்கும் கடை. கண்ணாடிக் கதவில் 'டிடிபி, ஃபிளெக்ஸ், அழைப்பிதழ்' என்று ஒட்டியிருக்கும். உள்ளே கம்ப்யூட்டர் மேஜையைச் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். மேஜைக்கு முன்னால் தேவியின் நாற்காலி. அதற்குப் பின்னால், முழங்கால் இடிக்கும் தூரத்தில், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. வேலை கொடுக்க வருகிறவர்கள் அதில்தான் உட்காருவார்கள். உட்கார்ந்து, தேவியின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்து, வேலை வாங்குவார்கள்.

"அந்தப் போட்டோவைக் கொஞ்சம் மேலே ஏத்துங்க. இன்னும் கொஞ்சம். ஐயோ, அவ்வளவு வேண்டாம்."

திருமண அழைப்பிதழுக்கு வருகிறவர்கள் கூட்டமாக வருவார்கள். ஒருவர் உட்கார, மற்றவர்கள் நிற்பார்கள். தாய்மாமன் பெயர் சித்தப்பா பெயரைவிடச் சின்னதாக இருக்கிறதென்று அங்கேயே ஒரு சண்டை மூளும். தேவி திரும்பிப் பார்க்க மாட்டாள். இரண்டு பெயரையும் ஒரே அளவாக்கிவிட்டுக் காத்திருப்பாள். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டருக்கு வருகிறவர்கள் மெதுவாகப் பேசுவார்கள். இறந்தவர் படத்தில் சட்டைக் காலர் கசங்கியிருந்தால் சரிசெய்ய முடியுமா என்று கேட்பார்கள். முடியும் என்பாள். பின்கழுத்தில் படும் மூச்சை வைத்தே யார் வெற்றிலை போட்டவர், யார் யூகலிப்டஸ் தைலம் தேய்த்தவர், யார் அழுதுவிட்டு வந்தவர் என்று சொல்லிவிடுவாள். அதே ஆட்கள் காய்கறிக் கடையில் பக்கத்தில் நின்றால் அடையாளம் தெரியாது. "கால் கிலோ பீன்ஸ்" என்று அவர்கள் வாயைத் திறந்த பிறகுதான், இவர் மகளுக்கு மயில் போட்ட அழைப்பிதழ் செய்தோமே என்று நினைவு வரும்.

தேவி பிறந்தது குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். அப்பா இசக்கிமுத்து ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். அம்மா மூக்கம்மா கொழுந்து பறித்தாள். பறிக்கிறவர்கள் வரிசையாகச் செடிகளுக்குள் நகர, மேஸ்திரி பின்னாலேயே வருவார். இங்கே விட்டுவிட்டாய், அங்கே முத்தல் இலை கிடக்கிறது என்று முதுகைப் பார்த்துத்தான் பேசுவார். பிளஸ் டூ முடித்துவிட்டு டிடிபி வகுப்புக்குப் போய், பின்பு இந்தக் கடையில் தேவி வேலைக்குச் சேர்ந்தபோது மூக்கம்மாவுக்குத் தாங்காத சந்தோஷம்.

"நீயாச்சும் ஒக்காந்து வேல பாக்குறயே. அது போதும்டி."

சிவப்பு நாற்காலியைப் பற்றி அம்மாவிடம் அவள் சொன்னதில்லை.

கடையில் ஓடுவது கோரல்டிராவின் பழைய பதிப்பு. கோடும் வளைவும் கொண்டு படம் வரைவதற்கான மென்பொருள் அது. தமிழ்நாட்டுச் சின்ன ஊர்களில் அதில்தான் அழைப்பிதழும் போடுவார்கள், ஃபிளெக்ஸும் போடுவார்கள், பத்திரிகையும் போடுவார்கள். பத்திரிகைக்கென்று வேறு மென்பொருள் இருப்பது தேவிக்குத் தெரியும். கடைக்கு அது வரவில்லை. வந்தது ஒரு தமிழ் எழுத்துரு. கோயம்புத்தூரில் யாரோ ஒருவரிடமிருந்து கடை முதலாளி வேலுமணி வாங்கிவந்தது. அதில் பல எழுத்துகள் சரியில்லை, சில எழுத்துகள் இல்லவே இல்லை. தேவி அவற்றைத் தானே கோரலில் வரைந்து, ஒவ்வொன்றையும் ஒரு விசையில் கொண்டுபோய் வைத்தாள். ஆரம்பத்தில் அது அவளுக்கு விளையாட்டு. வருஷங்கள் போகப்போக விசைப்பலகையின் மேல் அச்சிட்டிருந்த எழுத்துகள் தேய்ந்து, இப்போது எல்லா விசைகளும் வெறும் கறுப்பு. எந்த விசையில் எந்த எழுத்து என்பது அவள் விரல்களுக்கு மட்டும் தெரியும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அந்த விசைப்பலகையைப் பார்த்துவிட்டு, மறுநாள் வரவில்லை. அப்போதெல்லாம் தேவிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமைதான் பிறகு அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் பூட்டியது.

பூட்டின் பெயர் 'இலையும் விலையும்'. சிறு தேயிலை விவசாயிகள் சங்கம் ஒன்றின் மாத இதழ். ஆசிரியர் ராஜசேகர் ஒரு தேயிலை ஃபேக்டரியில் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டுரைகளைக் கையால் எழுதி, செல்போனில் படம் பிடித்து அனுப்புவார். அதைப் பாதி படிக்கும் முன்பே நேரில் வந்து சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். மாதத்தில் பத்து நாளாவது அந்த நாற்காலி அவருடையது. நல்ல மனிதர். ஆனால் எதையும் ஒரு நூல் அளவு நகர்த்தாமல் விடமாட்டார்.

கோவையில் கணபதி என்ற பகுதியில் ஒரு பேக்கேஜிங் கம்பெனி ஆள் எடுப்பதாகத் தெரிந்து தேவி போனது பொங்கலுக்கு முன்பு. மகள் மனிஷா அங்கே கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலில் இருக்கிறாள். எஸ்டேட் லாரி ஓட்டும் கணவன் வசந்தகுமார், அங்கே வேலை கிடைத்தால் போ, வாரத்துக்கு ஒருமுறை நான் இறங்கி வருகிறேன் என்று சொல்லியிருந்தான். சோப்பு அட்டைப்பெட்டி ஒன்றைக் கொடுத்து, அதை விரித்து வரையச் சொன்னார்கள். மடிப்புக் கோடு, வெட்டுக் கோடு எல்லாவற்றையும் போட்டு அவள் சீக்கிரமே கொடுத்துவிட்டாள். அவளுக்கு அந்த இடத்தில் பிடித்தது சம்பளமோ ஏசியோ அல்ல. அங்கே யாரும் வந்து உட்காரவில்லை. வேலை எல்லாம் மெயிலில் வந்தது. அவளுக்குக் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தபோது முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தது. வெள்ளையடித்த, எதுவும் சொல்லாத சுவர்.

வேலுமணியிடம் வந்து சொன்னாள். வேலுமணி கோவைப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. மனிஷா பிறந்தபோது தேவிக்கு மாதக்கணக்கில் லீவு கொடுத்து, வேலையை எடுத்து வைத்திருந்தவர். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நீ போறத நான் தடுப்பனா அம்மணி? இந்த இதழ் மட்டும் முடிச்சுக் குடுத்துப்போட்டுப் போயிரு."

அந்த இதழ் முடிந்தது. ஆனால் மாத இதழில் ஒன்று முடிகிற நாளில்தான் அடுத்தது தொடங்கும். பொங்கல் இதழ் போய் பட்ஜெட் இதழ் வந்தது. அது போய், இலை விலை குறைந்ததற்குப் போராட்டச் சிறப்பிதழ் வந்தது. ஒவ்வொரு முறையும் அதே பேச்சு, அதே கனிவு. இல்லை என்று ஒருமுறை சொல்லியிருந்தால் தேவி சண்டை போட்டிருப்பாள். வேலுமணி ஒருநாளும் இல்லை என்று சொல்லவில்லை. அவரே போன் செய்து கேட்க, கோவைக் கம்பெனி இரண்டு முறை தேதியைத் தள்ளிக் கொடுத்தது. மூன்றாவது முறை, ஜூலை மாதத்தில் ஒரு திங்கட்கிழமையைக் குறித்து, அன்று வராவிட்டால் அடுத்த ஆளை வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டது.

வேலுமணியும் இம்முறை ஆள் பிடித்தார். தேவாலாக்காரன் பாலன். முப்பது வயது, கூடலூரில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் இருந்தவன். அந்தக் கடையை மூடிவிட்டதால் வந்தான். தமிழுக்கு நடுவே மலையாளம் பேசுவான். தேவியை, அக்கா என்பதற்குப் பதில், சேச்சி என்பான். அவளுடைய கறுப்பு விசைப்பலகையைப் பார்த்து அவன் ஓடவில்லை. இரண்டாவது கம்ப்யூட்டரில் தன் போக்கில், இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினால் தமிழ் வருகிற முறையில், தனக்குத் தெரிந்த எழுத்துருவில் வேலை செய்தான். சங்கத்தின் வெள்ளிவிழாச் சிறப்பிதழைத் தேவி முடித்துக் கொடுப்பது, அதற்கடுத்த இதழிலிருந்து பாலன் பார்ப்பது என்று பேச்சு. தேவி அந்தத் திங்கட்கிழமையை வேலுமணியிடம் ஒருமுறை சொன்னதோடு சரி, அதன்பின் வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை ராஜசேகர் கடைசிப் பக்கம் வரை பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை காலை தேவி கடைசி வேலையைத் தொடங்கினாள்.

அந்த வேலைக்குக் கர்வ் போடுவது என்று பெயர். இவளுடைய எழுத்துரு கோவை அச்சகத்தின் கம்ப்யூட்டரில் இருக்காது. அப்படியே அனுப்பினால் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் அனுப்பும் முன் எழுத்துகளையெல்லாம் வெறும் கோட்டுப் படங்களாக மாற்றிவிடுவார்கள். மாற்றிய பிறகு எந்த ஊரில் திறந்தாலும் அப்படியே இருக்கும். ஆனால் அது அப்புறம் எழுத்து இல்லை, படம். ஒரு சொல்லை அழித்து இன்னொன்றைத் தட்ட முடியாது. அதனால் முதலில் மொத்தப் பக்கங்களையும் 'பிரஸ்' என்றொரு கோப்புறையில் நகலெடுத்து, நகலில் மட்டுமே கர்வ் போடவேண்டும். அசல் பத்திரமாக இருக்கும்.

தேவி பக்கத்துக்கு ஒரு கோப்பு வைப்பவள். பழைய கம்ப்யூட்டர் ஒரே கோப்பில் எல்லாப் பக்கங்களையும் தாங்காது. ஒன்றைத் திறப்பாள், எல்லாவற்றையும் தேர்வு செய்வாள், கர்வ் போடுவாள், சேமிப்பாள், மூடுவாள், அடுத்தது. சேமிக்கும் விசையை மட்டும் எப்போதும் இரண்டு முறை அழுத்துவாள். மழைக்காலத்தில் எந்த நிமிஷம் கரண்ட் போகும் என்று தெரியாத ஊரில் பழகிய கை. அன்றும் மழை. இடது கை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அவள் கணபதியில் அறை தேடுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள். தேநீர் வருவதற்குள் முடித்துவிட்டாள்.

சற்று நேரத்தில் ராஜசேகர் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, விழுந்தார்.

முந்தின நாள் சங்கத்தில் தேர்தல் நடந்திருக்கிறது. போட்டியே இருக்காது என்று நினைத்திருந்த தலைவர் தோற்றுவிட்டார். சிறப்பிதழிலோ அவர் இல்லாத பக்கம் இல்லை. வாழ்த்துச் செய்தியில் தலைவர், மரக்கன்று கொடுக்கும் படத்தில் தலைவர், ஆட்சியரிடம் மனு கொடுக்கும் படத்தில் தலைவர், தன் தோட்டத்தில் தானே நிற்கும் படத்திலும் தலைவர். இப்போது அத்தனை இடத்திலும் அவர் முன்னாள் தலைவர் ஆகவேண்டும். புதியவரின் படமும் செய்தியும் முதல் பக்கத்துக்கு வரவேண்டும். திங்கட்கிழமை காலை கோவையில் அச்சு.

"ஒரு ராத்திரியில ஆளையே மாத்திட்டாங்க தேவிம்மா. நமக்கு வேலை வெச்சுட்டாங்க."

ஒன்றும் இல்லை சார், அசல் இருக்கிறது, மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே தேவி வாழ்த்துச் செய்திப் பக்கத்தைத் திறந்தாள். 'தலைவர்' என்ற சொல்லுக்கு முன்னால் சுட்டியை வைத்து அழுத்தினாள். அது எழுத்தாக விழித்துக்கொள்ளவில்லை. திரையின் கீழ்ப்பட்டையில் 'கர்வ்' என்று காட்டியது. மூடிவிட்டு அடுத்த பக்கத்தைத் திறந்தாள். அதுவும் கர்வ். அதற்கடுத்ததும்.

கோப்புறையின் பெயரை அப்போதுதான் பார்த்தாள். முந்தின நாள் பாலனுக்குக் காட்டுவதற்காக அசலைத் திறந்து வைத்திருந்தாள். காலையில் கை நேராக அதற்குள் போய்விட்டது. 'பிரஸ்' கோப்புறை காலியாக இருந்தது, நகலெடுக்கவே மறந்திருக்கிறாள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கோரல் முந்தைய நிலையை ஒரு காப்புக் கோப்பாக வைத்திருக்கும். அதையாவது பார்ப்போமென்று திறந்தாள். இரண்டு முறை சேமித்த கையல்லவா. காப்புக் கோப்பும் கர்வ்தான். கரண்டுக்குப் பயந்து பழகிய பழக்கம், மிச்சமிருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டது.

"என்னம்மா, ஹேங் ஆயிருச்சா?" என்றார் ராஜசேகர்.

இருங்க சார் என்றாள். அவளுக்குக் காது இரண்டும் சூடாகியிருந்தன. வேலுமணியைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒரிஜினல்லயே கர்வ் போட்டுட்டேன்."

வேலுமணி குனிந்து திரையைப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருப்பவர், விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. திரும்ப அடிக்க எவ்வளவு நாள் ஆகும் என்று மட்டும் கேட்டார். பக்கம் முழுக்கத் திரும்பத் தட்டி, படங்களைச் சுற்றி வரிகளை வளைத்து உட்கார வைக்க ஒரு வாரமாவது ஆகும் என்றாள் தேவி. வேறு யாராவது தட்டமுடியுமா என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கறுப்பு விசைகளை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

அவர் கதவோரம் போய் போனில் பேசுவது தேவிக்குக் கேட்டது. அவள் திரும்பவில்லை. கேட்டுக்கொண்டு முன்னால் பார்ப்பது அவளுக்குப் பழகிப்போன வேலை.

"ஏனுங்க, நம்ம தேவியப் பத்தித்தானுங்க… இல்லீங்க, திங்கக்கெழமை வராதுங்க. இங்க ஒரு அவசரம்… அடுத்த மாசம் நானே அனுப்பி வெக்கறனுங்க… அப்புடீங்களா. சரிங்க, உங்க சவுரியம் பாருங்க."

தேநீரை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சொல்லிப்போட்டேன் அம்மணி. அச்சையும் ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கலாம், நீ ஒண்ணும் கவலப்படாத. நிதானமா அடி."

சரிங்கண்ணா என்றாள் தேவி. அப்படித்தான் சொன்னாள். மறுக்கவேண்டிய இடத்தில் வாய் தானாக அதைச் சொல்லிவிட்டது, காலையில் கை தானாக ஓடியதைப் போல. இந்தக் கைக்கு இங்கிருந்து போகவே விருப்பமில்லையோ என்று ஒரு நினைப்பு வந்தது. கைக்கு ஏது விருப்பம் என்று அதை உடனே தள்ளினாள். அது முழுக்கப் போகவில்லை. ராஜசேகர் நாற்காலியை இன்னும் நெருக்கி இழுத்துப்போட்டார். முழங்கால் இடித்தது.

"முதல் பக்கத்துல இருந்து போலாமா தேவிம்மா?"

புதிய பக்கம் திறந்து அடிக்கத் தொடங்கினாள். வெளியே மழை வலுத்தது. ராஜசேகர் வியாழக்கிழமை தான் கையெழுத்துப் போட்ட அச்சுப் பிரதியை வாய்விட்டுப் படித்தார். நடுநடுவே புதிய தலைவரைப் பற்றித் தன் அபிப்பிராயத்தையும் சேர்த்துக்கொண்டார். எது கட்டுரை, எது அபிப்பிராயம் என்று பிரித்துப் பிரித்து அடிக்கவேண்டியிருந்தது. ஒரு பக்கம் முடிக்கவே மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. இப்படி எத்தனை பக்கம் என்று நினைத்தாள். நினைக்காமலிருக்கப் பழகவேண்டும் என்றும் நினைத்தாள்.

பாலன் இதற்குள் தன் கம்ப்யூட்டரில் ஏதோ செய்துகொண்டிருந்தான். யாரும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பிறகு கூப்பிட்டான்.

"சேச்சி, இது ஒண்ணு நோக்கு."

கர்வ் ஆகிப்போன வாழ்த்துச் செய்திப் பக்கம்தான் அவன் திரையில் இருந்தது. ஆனால் 'தலைவர்' இருந்த இடத்தில் 'முன்னாள் தலைவர்' இருந்தது. அதே எழுத்து, தேவியின் எழுத்து. வரியின் மற்றச் சொற்கள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி இடம்விட்டிருந்தன. திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எங்கே ஒட்டினான் என்று அவளுக்கே தெரியவில்லை. அடித்தே பழகிய அவளுக்கு, படத்தை வெட்டி ஒட்டலாம் என்று தோன்றவேயில்லை.

"எப்படி அடிச்சீங்க? இந்த ஃபான்ட் உங்ககிட்ட இல்லியே."

"அடிக்கல சேச்சி. இது இப்ப எழுத்தில்லையே, படமல்லே? வெட்டி ஒட்டுனேன். ஃபிளெக்ஸ் கடையில எங்களுக்கு இதுதானே ஜோலி. பழைய போர்டு கொண்டாருவாங்க, பேரை மட்டும் மாத்துன்னு."

வெட்டுவதிலும் ஒரு பக்குவம் இருந்தது. சொல்லை எழுத்தெழுத்தாகச் சும்மா உடைத்தால் 'ன'வின் சுழியும் 'லை'யின் கொம்பும் அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். ஒவ்வொரு எழுத்தையும் திரும்பச் சேர்த்து அவன் துளையைத் திறந்துவிட்டிருந்தான்.

ராஜசேகர் எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். இந்த 'முன்னாள்' எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"சாரோடதுதான்" என்றான் பாலன். "கடைசிப் பக்கத்துல சார் பேருக்குக் கீழ, முன்னாள் ஃபேக்டரி அலுவலர்னு இருக்கல்லோ. அங்கேருந்து எடுத்தேன்."

ராஜசேகர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "என்னோட முன்னாளை எடுத்து அவருக்கு வெச்சிட்டியா? வெய்யி, வெய்யி. எத்தனை வேணுமோ எடுத்துக்க."

தேவி சிரிக்கவில்லை. அவளுக்கு வேறொன்று புரிந்துகொண்டிருந்தது. எழுத்து எழுத்தாக இருந்தவரைக்கும் அவள் விரல் இல்லாமல் ஒரு சொல்லையும் யாராலும் மாற்றியிருக்க முடியாது. காலையில் கை தவறி அத்தனையையும் படமாக்கியதும் அந்தக் கறுப்பு விசைகளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. இனி வெட்டத் தெரிந்த எவனும் போதும். இத்தனை வருஷம் தான் இல்லாமல் நடக்காது என்றிருந்த இதழ், ஒரு மத்தியானத்தில், அவள் இல்லாமலே நடக்கிறது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். முதலில் வந்தது நிம்மதியில்லை, ஒரு சுருக்கென்ற வலி. பிறகுதான் நிம்மதி, அதுவும் மெதுவாக.

புதிய தலைவரின் செய்தியை மட்டும் புதிதாக அடிக்கவேண்டும். அதைப் பாலன் தன் முறையில் தன் எழுத்துருவில் அடித்துக் கட்டம் கட்டினான். புது ஆளுக்குப் புது எழுத்து, பொருத்தம்தான் என்றார் ராஜசேகர், கொஞ்சம் கசப்பாக.

தேவி தன் நாற்காலியிலிருந்து எழுந்து, சிவப்பு நாற்காலியைத் தூக்கிப் பாலனுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தாள். அதில் அவள் இதுவரை உட்கார்ந்ததே இல்லை. பாலனின் பின்கழுத்து தெரிந்தது. முடிவெட்டி நாளாகியிருந்தது, சட்டைக் காலருக்கு மேலே ஒரு சின்ன மச்சம். என்னுடையதை எத்தனை பேர் இப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாள். மரக்கன்று படத்தின் அடிக்குறிப்பில் அவன் 'முன்னாள்' வைத்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் மேலே" என்றாள். "இன்னும் கொஞ்சம்."

பாலனின் தோள் லேசாக இறுகியது. அவள் அதைப் பார்த்தாள். அந்த இறுக்கம் அவளுக்குத் தெரிந்த இறுக்கம். வாயை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

செல்போனை எடுத்து எல்லோருக்கும் நடுவிலேயே கோவைக்குப் போட்டாள். தான் தேவி என்றும், திங்கட்கிழமை வருவதாகவும் சொன்னாள். முதலில் வருகிறேன் என்றீர்கள், பிறகு நீங்கள் வரமாட்டீர்கள் என்று உங்கள் முதலாளி சொன்னார், இப்போது திரும்பவும் வருகிறேன் என்கிறீர்கள் என்று அந்தப் பக்கத்துப் பெண் அலுத்துக்கொண்டாள். இன்னொரு பெண்ணையும் வரச் சொல்லிவிட்டார்களாம். இருப்பது ஒரு நாற்காலிதான், நீங்களும் வந்தால் பார்த்துவிட்டு யாரோ ஒருவரை வைப்போம், உறுதி எதுவும் சொல்ல முடியாது என்றாள்.

"பரவாயில்லீங்க. நான் வந்துர்றேன்."

வேலுமணி வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்தபடி நின்றிருந்தார்.

"அப்ப இந்த இதழு அம்மணி?"

"பாலன் முடிச்சுருவாருங்கண்ணா."

வேலுமணி பாலனைப் பார்த்தார். பாலன் திரும்பாமலே தலையை ஆட்டினான். வேலுமணி கோபப்பட்டிருந்தால் தேவிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. மேஜைக்கு வந்து, அந்தக் கறுப்பு விசைப்பலகையைக் கையிலெடுத்து, தூசியைத் தட்டினார்.

"இது இனி யாருக்கு ஆவும்? நீ எடுத்துட்டுப் போறியா?"

வேண்டாம் என்றாள். அவர் அதை அங்கேயே வைத்தார். தூக்கிப்போட மனமில்லாமல் வைத்தாரா, திரும்பி வருவாள் என்று வைத்தாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவர் முகத்தையும் அவள் அதிகம் பார்த்துப் பழகியவளில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசந்தகுமார் பஸ் ஸ்டாண்டு வரை வந்து பையை ஏற்றிவிட்டான். உறுதியில்லாத வேலைக்கு எதற்கு இவ்வளவு பெரிய பை என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான். வேலை இல்லையென்றால் மனிஷாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். கடை இருக்கும் திசையை அவள் பார்க்கவில்லை. பாலன் உள்ளே இருப்பான், ராஜசேகர் அவனுக்குப் பின்னால் இருப்பார்.

பஸ் கிளம்பியது. காட்டேரி தாண்டி வளைவுகள் தொடங்கியதும் மடியிலிருந்த பையின் மேல் இடது கையின் விரல்கள் எதையோ தட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். தேர்வு செய், கர்வ் போடு, சேமி, சேமி. ஒவ்வொரு வளைவுக்கும் ஒருமுறை. வலது கையால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் அடங்கியிருந்துவிட்டுப் பிடிக்குள்ளேயே திரும்பத் தொடங்கியது.

பர்லியாருக்கு மேலே சாரல் உள்ளே அடித்தது. பின் இருக்கையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது, கழுத்துக்கு மிகப் பக்கத்தில்.

"ஏனுங்க, அந்தக் கண்ணாடிய கொஞ்சம் எறக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அவ்வளவு வேண்டாங்க, கொஞ்சம் மேலே."

தேவி கண்ணாடியை இறக்கினாள், கொஞ்சம் ஏற்றினாள். குரல் போதும் என்று சொல்லும்வரை ஏற்றினாள். பிறகு உடம்பு முழுக்கத் திரும்பி, சொன்னது யார் என்று பார்த்தாள். அவள் வயதுதான் இருக்கும். தலையில் துண்டைப் போர்த்தியிருந்தாள், மடியில் கேரட் மூட்டை. யாரோ திரும்பி இப்படி உற்றுப் பார்ப்பதில் கொஞ்சம் கூச்சப்பட்டு, "சாரலுங்க" என்றாள்.

தெரிகிறது என்று தலையை ஆட்டிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் தேவி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.